சாய்கிற பை

கல்யாணம் ஆன நாளிலிருந்து லிஃப்ட்காரர் நகரத்தின் எல்லையைத் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் அரை மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்த அரை மணி நேரம் வடக்கே ரயில் பாலம்வரை நீளும். தெற்கே மாவு மில்லோடு நின்றுவிடும். மேற்கே நெரிசல் என்பதால் பழைய தபால் நிலையத்தைக்கூடத் தொடாது. மனைவியின் தங்கைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்யாணம் நடந்தபோது, இவர் இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். மனைவி பட்டுப்புடவையோடு பாலத்தைத் தாண்டி வந்து டப்பாவில் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனாள்.

வேலை மனைவியோடு சேர்ந்து வந்தது. அவளுடைய அண்ணன்தான் முதலாளி. கீழே பட்டறை, மேலே இரண்டு அறை வீடு. இரண்டும் மச்சானுடையவை. வாடகை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லிஃப்ட்காரருக்குச் சில சமயம் தோன்றும். வாடகை கொடுப்பவன் காலி செய்யலாம்.

மச்சான் கெட்டவர் அல்ல. சத்தம் போட்டுப் பேசமாட்டார். மற்ற ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இவரை மட்டும் "மாப்ள" என்பார், "நீங்க" என்பார். "நம்ம வீட்டு ஆளு" என்று வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்துவார். நம்ம வீட்டு ஆளுக்கு லீவு எதற்கு என்ற கேள்வி அதற்குள்ளேயே இருந்தது.

வேலைக்கு இரண்டு பேர் போவார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தான் இவர்களுக்கு வேலை என்பதால், எல்லாக் கட்டடத்திலும் படியேறித்தான் போக வேண்டும். முன்னால் லிஃப்ட்காரர், வலது தோளில் கருவிப் பை. பின்னால் இன்னொரு பையோடு வேறொருவர். இரண்டாவது பையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் இருக்கும், கயிறு இருக்கும், கனமான சாமான்கள் எல்லாம் இருக்கும். பின்னாலேயே வருவதால் அவருக்கு வால் என்று பெயர். வாட்ச்மேன்கள் வைத்தது. அவர் லிஃப்ட்காரரைவிட மூத்தவர், ஒல்லி, வாய் ஓயாதவர். மேலே மெஷின் ரூமில் லிஃப்ட்காரர் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். வால் கீழே, லிஃப்ட் வந்து சேர வேண்டிய மாடியில் நின்று, "நிறுத்து" என்று குரல் கொடுப்பார். பிறகு கதவைச் சாவி போட்டுத் திறப்பார். அதுவரை உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருப்பதும் அவர் பொறுப்பு. "மூச்சு முட்டுதா? முட்டாதும்மா. நான் இவ்வளவு பேசறேன், எனக்கே முட்டல."

ஒரு நாள் இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. சக்கரம் சுற்ற வரவில்லை. கதவைத் திறந்தபோது மேலே ஒரு முழ இடைவெளி இருந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள். முகம் வெயிலில் கருத்து உரிந்திருந்தது. அவர் முதலில் ஒரு பையைத் தள்ளிக் கொடுத்தார். ஆள் உயரத்தில் பாதி இருந்தது பை. லிஃப்ட்காரர் அதை வழக்கம்போல வலது தோளில் மாட்டிக்கொண்டு தள்ளாடினார். வெளியே தவழ்ந்து வந்தவர் சிரித்தார்.

"ரெண்டு தோள்லயும் மாட்டுங்க. முதல்ல அந்த இடுப்புப் பட்டையைப் பூட்டுங்க."

பூட்டினார். பாரம் தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போனது. அங்கிருந்து காலுக்குப் போய், தரைக்குப் போய்விட்டது போலிருந்தது.

"உள்ள சட்டம் இருக்கு. அலுமினியப் பட்டை. அதுதான் தாங்குது" என்றார் அந்த மனிதர். மலை முகட்டோடு வாரக்கணக்கில் நடந்து கடைசியில் கடலில் இறங்கும் ஒரு பாதையிலிருந்து திரும்பியிருந்தார். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று வால் கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, யாரும் கூப்பிட முடியாது, போன் எடுக்காது, அதுதான் என்றார் அவர்.

லிஃப்ட்காரர் பையைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டார்.

மச்சானிடம் லீவு கேட்க அவருக்குப் பல மாதம் ஆயிற்று. மூன்று வாரம் என்று சொல்லும்போது குரல் தணிந்துபோனது.

"மூணு வாரமா? உடம்புக்கு ஏதாச்சும்?"

"இல்ல மச்சான். நடக்கப் போறேன்."

"எங்க?"

"மலையில."

"மலையில எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. நடக்கறதுதான்."

மச்சான் தங்கை வீட்டுப் படிக்கட்டைப் பார்த்தார். "வால் இருக்காரே. அவருக்கு எல்லாம் தெரியும். கூட ஒரு வாட்ச்மேன் நின்னா போதும். மழை நின்னதும் போயிட்டு வாங்க மாப்ள. நீங்களும் மனுஷன்தானே."

வாலிடம் சொன்னபோது அவர், "போ தம்பி. நான் பாத்துக்கறேன். திரும்பி வரும்போது மட்டும் லிஃப்ட்ல வராத" என்றார்.

பைக் கடை பெரிய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்த வளாகத்தின் லிஃப்டும் இவர்களுடையதுதான். கடைக்காரப் பெண் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள், வேகமாகப் பேசினாள். எத்தனை நாள், கூடாரம் உண்டா, சமையல் உண்டா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் உண்டு என்றார். பின்கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மேடுவரை டேப்பால் அளந்தாள். "ஆள் உயரத்தைப் பாக்கக் கூடாது சார். முதுகு நீளம்தான் கணக்கு. உங்களுக்கு ஆள் நெட்டை, முதுகு குட்டை."

"வீட்ல முதுகே இல்லைன்னு சொல்வாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

மணல் மூட்டைகளை உள்ளே இறக்கி, ஒரு நீலப் பையை மாட்டிவிட்டாள். முதலில் இடுப்புப் பட்டை, பிறகு தோள் வார், பிறகு தோளுக்கு மேலே பையின் தலையை முதுகோடு இழுத்துப் பிடிக்கும் சின்ன வார், கடைசியில் மார்புக் கொக்கி. கடைக்குள்ளேயே நடக்கச் சொன்னாள். அவர் கூடாரங்களுக்கு நடுவே போய்த் திரும்பி வந்தார். பை வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வாரைச் சரியா இழுக்கல போல" என்று அவிழ்த்து மறுபடி பூட்டினாள். மறுபடியும் சாய்ந்தது. நீலத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் பையைப் போட்டாள். அதில் முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை இருந்தது. காற்று போகும், வேர்க்காது என்றாள். ஆனால் பாரம் முதுகை விட்டுத் தள்ளி நின்று பின்னால் இழுத்தது, அதோடு வலது பக்கமும் சாய்ந்தது. மூன்றாவதாக ஒரு பச்சைப் பை. எழுபத்தைந்து லிட்டர். "இவ்வளவு பெரிசு வேணாம் சார், இடம் இருந்தா எதையாவது போட்டுக்கிட்டேதான் இருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் மாட்டினாள். உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது. அதுவும் சாய்ந்தது.

அவள் பையைக் கழற்றிவிட்டு அவரைக் கண்ணாடி முன்னால் வெறுமனே நிற்க வைத்தாள். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தாள்.

"பையில தப்பு இல்ல சார்."

"அப்புறம்?"

"வலது தோள் இறங்கியிருக்கு. ஒரே பக்கம் எதையாவது தூக்குவீங்களா?"

லிஃப்ட்காரர் கண்ணாடியைப் பார்த்தார். அவருடைய சட்டைகள் எல்லாம் ஏன் ஒரு பக்கம் நழுவுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. தையல்காரரை மாற்றியது வீண்.

"சரியாகுமா?"

"டாக்டர்கிட்டதான் கேக்கணும். ரெண்டு தோள்லயும் சமமா பாரத்தைப் போட்டு தினமும் கொஞ்சம் நடந்து பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா எடையை ஏத்துங்க. மாடிப்படி இருந்தா நல்லது." அவள் தயங்கினாள். "ஆனா படியேற எல்லாருக்கும் நேரம் கிடைக்காது."

லிஃப்ட்காரர் பச்சைப் பையை வாங்கிக்கொண்டார். மழையுறை இலவசமாகக் கொடுத்தாள்.

வீட்டில் மனைவி அதைக் கட்டிலோரம் நிற்க வைத்துப் பார்த்தாள். "இதுல நானே உக்காந்துக்கலாம் போலிருக்கே."

"வர்றியா?"

"நான் எதுக்கு? எனக்கு முதுகு நேராத்தான் இருக்கு." பிறகு கேட்டாள், "அண்ணன் நெஜமாவே சரின்னுட்டாரா?"

"சரின்னுட்டார்."

"மழை நிக்கட்டும் பாப்போம்" என்றாள். அண்ணனை அவளுக்கு இவரைவிட அதிக காலமாகத் தெரியும்.

பாரத்துக்கு வீட்டில் என்ன இருக்கிறது? மாவு மூட்டை, இஸ்திரிப் பெட்டி, பழைய தலையணைகள். இருந்த ஒரே நல்ல பாரம் கருவிகள்தான். மறுநாள் அவர் கருவிப் பையைக் காலி செய்து எல்லாவற்றையும் பச்சைப் பைக்கு மாற்றினார். கனமானது நடுவில், முதுகோடு ஒட்டி. லேசானது மேலே. ஸ்லீப்பிங் பேக் வைப்பதற்கென்று அடியில் இருந்த அறையில் கயிறு கச்சிதமாகச் சுருண்டுகொண்டது. சாவிகள் மூடியின் பாக்கெட்டில். கருவிப் பையில் குடைந்து குடைந்து தேடிய ஸ்பேனர் இதில் கை வைத்ததும் வந்தது.

முதல் நாள் கால் நடுங்கியது. முதல் வாரம் முடியும்போது நடுங்கவில்லை. பாரம் போதவில்லை என்று தோன்றியது. படிக்கட்டில் திரும்பி, வாலிடம் கையை நீட்டினார்.

"அதைக் கொடுங்கண்ணே."

"எது, என் பையா?"

"எடை ஏத்தணும். கடையில சொன்னாங்க."

வால் பையைக் கொடுத்துவிட்டுத் தன் வெறும் கைகளைப் பார்த்தார். "முப்பது வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி தம்பி. வாழ்க."

எழுபத்தைந்து லிட்டரில் செயின் பிளாக்குக்கும் இடம் இருந்தது. பச்சைப் பையில் இரண்டு ஆள் சாமான்கள் ஏறின. பின்னால் வால் கையை வீசிக்கொண்டு, சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் ஒருவர், "என்ன வாலு, மொதலாளி ஆயிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாய்யா, அது என் கழுதை" என்றார் வால். லிஃப்ட்காரரும் சிரித்தார். ஒவ்வொரு படியிலும் அவர் மலையில் ஏறிக்கொண்டிருந்தார். மாடித் திருப்பங்களில் நின்று மூச்சு வாங்கும்போது எதிரே இருந்த மூடிய கதவுகளும் செருப்பு அலமாரிகளும் அவர் கண்ணில் படவில்லை.

மழை ஓயும் தறுவாயில் மச்சான் ஒரு கட்டடத்துக்கு வந்தார். கட்டடத்துச் சங்கச் செயலாளரைப் பார்த்துப் பேச வந்தவர். வாசலில் வால் டீ குடித்துக்கொண்டிருந்தார், கையில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். மேலே ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார், டீ ஆறிடும்னு நான் கொஞ்சம் நின்னேன் என்றார் வால். மச்சான் தலையை நிமிர்த்திப் பார்த்தார். படிக்கட்டு ஜன்னல்களில் மாடி மாடியாகப் பச்சைப் பை போய்க்கொண்டிருந்தது.

அவர் வாலை ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை பட்டறையில் லிஃப்ட்காரரின் பையைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "நல்லா இருக்கு மாப்ள" என்றார்.

அந்த மாதக் கடைசியில் வாலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

லிஃப்ட்காரர் பட்டறைக்கு இறங்கிப் போனபோது மச்சான் ஒரு பழைய பிரேக்கை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி ஆன பிறகும் அவர் அதை விடவில்லை.

"மச்சான், வால் அண்ணன் இல்லன்னா 'நிறுத்து' சொல்றதுக்கு யாரு?"

"எல்லாக் கட்டடத்துலயும் வாட்ச்மேன் இருக்கான். போன் இருக்கு. ரெண்டாவது ஆள் எதுக்கு வச்சிருந்தோம்? சாமான் தூக்கத்தான்."

"அது பயிற்சிக்காகத் தூக்கினேன். நான் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளைக்கு."

"தெரியும்."

"நான் மூணு வாரம் போனா யாரு பாப்பாங்க?"

மச்சான் கையைத் துணியில் துடைத்தார். உண்மையிலேயே யோசித்தார். "அதான் மாப்ள, மத்த ஆளுங்களுக்கு அவங்கவங்க கட்டடமே சரியா இருக்கு, யாரும் இல்லையே. அடுத்த வருஷம் பாப்போம்."

"நான் பையை மேல வச்சிடறேன். பழைய பையையே தூக்கறேன். அவரைக் கூப்பிட்டுக்குங்க."

"ஒருத்தரால முடியும்னு கண்ணால பாத்துட்டேன். இனிமே முடியாதுன்னு எப்படி நெனைக்கறது? நீங்களே சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தன் முதுகால்தான் அதை அவருக்குக் காட்டியிருந்தார்.

"அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றாள் மனைவி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே போனாள். நீண்ட நேரம் பேச்சுக் குரல் கேட்டது, நடுவில் ஒருமுறை இருவரும் சிரித்தது கேட்டது. திரும்பி வந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னார்?"

"உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்கார்."

"அப்புறம்?"

"மத்த ஆளுங்களுக்கும் இதே மாதிரி பை வாங்கப் போறாராம். எந்தக் கடைன்னு கேட்டார்."

அவள் அவருடைய வலது தோளில் கை வைத்து அழுத்தினாள். "நான் அவர் கையில வளந்தவ. நான் எவ்வளவு தூரம் பேச முடியும்?" என்றாள். சிறிது நேரம் கழித்து, "கடை பேரைச் சொல்லலைங்க. தெரியாதுன்னுட்டேன்" என்றாள்.

மழை நின்றது. மலைப்பாதை திறந்திருக்கும் வாரங்கள் வந்தன. அந்த வாரங்களில் அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாக அழைப்பு வந்தது. போன் அடித்ததும் பச்சைப் பையை எடுப்பார். இடுப்புப் பட்டை, தோள் வார், சின்ன வார், மார்புக் கொக்கி. பழைய பையைத் தேடினார், மனைவி அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் தூக்க வேண்டுமென்றால் இந்தப் பை இல்லாமல் ஆகாது.

ஒரு நாள் மதியம் மாவு மில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. கேட்டில் நீலச் சீருடையில் வால் நின்றிருந்தார். தொப்பி அவருக்குப் பெரிதாக இருந்தது.

லிஃப்ட்காரர் கேட்டார், "எப்பண்ணே சேந்தீங்க?"

"போன வாரம். உக்காந்த வேலை. கேட்டைத் திறக்கணும், மூடணும்." வால் பையைப் பார்த்தார். "நீ என் பையைக் கேட்டப்பவே நான் கேட்டிருக்கணும் தம்பி. வேலையையும் சேத்துத்தான் தூக்கறியான்னு."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல. கையை வீசிக்கிட்டு நடந்தவன் நான்." கேட்டைச் சாத்தினார். "வா. நாலாவது மாடியில ஒரு அம்மா மாட்டியிருக்காங்க. நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். இப்ப கோபமா இருக்காங்க."

லிஃப்ட்காரர் படியேறினார். பின்னால் வால் வந்தார். வாட்ச்மேன் கேட்டை விட்டு வரக் கூடாது, ஆனாலும் வந்தார். யாராவது கீழே நின்று 'நிறுத்து' சொல்ல வேண்டுமே. சீட்டி அடிக்கவில்லை. இரண்டு பேர் செருப்புச் சத்தமும் பழைய மாதிரியே கேட்டது.

நான்காவது மாடியில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்மா" என்றார் வால். "ஆள் வந்தாச்சு."

"எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

வால் லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் கதவோரம் குனிந்து, "ஒருத்தர்தான்மா" என்றார்.

"ஒருத்தரா? இன்னும் எவ்வளவு நேரம் நான் இதுக்குள்ள நிக்கணும்?"

"பயப்படாதீங்க. கொஞ்ச நேரம்தான்."

"இப்படித்தான் அப்பவே ஒருத்தர் சொன்னார்."

"அது நான்தான்மா" என்றார் வால்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து, மெஷின் ரூமுக்குப் போகும் மேல்படியில் கால் வைத்தார். பாரம் தோளில் இல்லை. இடுப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. கீழேயிருந்து வால் கூப்பிட்டார்.

"தம்பி, நில்லு."

நின்றார். திரும்பவில்லை.

"பை சாயல. இப்ப நேரா இருக்கு."

லிஃப்ட்காரர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். இரண்டு வாரும் ஒரே நீளத்தில் இருந்தன. வலது தோளைத் தொட்டார், இடது தோளைத் தொட்டார்.

"ஆமாண்ணே" என்றார். உள்ளே அந்த அம்மா கதவைத் தட்ட ஆரம்பித்தாள். அவர் மேலே ஏறினார்.